இரும்புக் கட்சி, பாய்க் கட்சி

"இனிப்புநீர் நோய் ஆரம்பம்தான்மா, பயப்பட வேண்டாம். மாத்திர தர்றேன். கூடவே எக்சசைஸ் ஏதாவது பண்ணுங்க," என்றார் கிளினிக் டாக்டர்.

'ஏதாவது' என்ற சொல்லை அவர் அவ்வளவு அலட்சியமாக உதிர்த்திருக்கக் கூடாது. எந்த உடற்பயிற்சி, எங்கே, யாரிடம் என்று மாத்திரைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தால், எங்கள் குடும்பத்தில் ஏறக்குறைய ஓராண்டு நடந்த யுத்தத்தைத் தவிர்த்திருக்கலாம்.

அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. ஜொகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. கூலாய்க்கும் செடெனாக்கிற்கும் நடுவே ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு. அதுவரை நான் செய்திருந்த ஒரே உடற்பயிற்சி, காரை நிறுத்திய இடத்தை மறந்துவிட்டுப் பேரங்காடியின் கீழ்த்தளத்தில் தேடி அலைந்ததுதான்.

டாக்டர் சொன்னதை என் கணவரிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் தம் அக்காவிடம் மட்டும்தான் சொன்னார். அந்த அக்கா என் தங்கையிடம் சொல்லியிருக்க முடியாது. இருவருக்கும் அவ்வளவாகப் பேச்சு கிடையாது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது, இருவருடைய செருப்புகளும் என் வாசலில் கிடந்தன.

தங்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலத்தைக் கடப்பவள். அவளுடைய வீட்டுக் கார் கொட்டகையில் கார் இல்லை, இரும்பு இருக்கிறது. பெரிய இரும்பு, சின்ன இரும்பு, தொங்கும் இரும்பு, உருளும் இரும்பு. மாலையில் அவளும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரும் அவற்றைத் தூக்கிவிட்டுக் கீழே வைப்பார்கள். பிறகு மறுபடியும் தூக்குவார்கள். கீழேயே வைக்கப் போவதை எதற்குத் தூக்குகிறார்கள் என்று கேட்ட ஒரே மனிதர் என் கணவர்தான். அதற்குப் பிறகு அவர் அங்கே அழைக்கப்படவில்லை.

கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். அந்தக் குரலுக்குப் பயந்து பள்ளிக்கு வெளியே லாரிகள்கூட நின்றிருக்கும். ஓய்வு பெற்றதும் ஜொகூர் பாருவில் யோகா ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். ஒரு சான்றிதழோடும், வெள்ளை உடுப்புகளோடும், இரண்டு கட்டை இறங்கிய ஒரு புதுக் குரலோடும் திரும்பி வந்தார். அந்தக் குரலில் அவர் உப்புக் கேட்டால்கூட ஆசீர்வதிப்பதுபோல இருக்கும்.

இருவரும் என் சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் உட்கார வைக்கப்பட்டேன்.

"அக்கா, சீனிய எரிக்கிறது தசைதான். தசை வேணும்னா இரும்பு தூக்கணும். அவ்வளவுதான் லா," என்றாள் தங்கை.

அண்ணி கண்களை மூடித் திறந்தார். "இரும்பு தூக்கினா உடம்பும் இரும்பாயிடும்மா. அப்புறம் வளையாது. வளையாத உடம்புலதான் நோய் வந்து குந்திக்கும்."

"பாய விரிச்சுப் படுத்துக்கிட்டு மூச்சு விடுறதுக்கு ஒரு கிளாஸா? எங்கக்கா பொறந்ததுலேருந்து மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கு?"

"விடுறாதான். ஆனா சரியா விடல."

நாற்பத்தெட்டு ஆண்டுகளாக நான் தவறாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இவ்வளவு காலம் எப்படிப் பிழைத்தேன் என்பதை இருவரில் ஒருவரும் விளக்கவில்லை. யார் மனத்தையும் நோகடிக்கத் தெரியாத என் குணத்தால், செவ்வாயும் வியாழனும் தங்கையிடம், சனிக்கிழமை அண்ணியிடம் என்று ஒப்புக்கொண்டேன். கணவர் சமையலறையிலிருந்து, பால் சேர்க்காத தே ஓவைக் கலக்கிக்கொண்டே, "ரெண்டு மதத்துக்கும் ஒரே நேரத்துல ஞானஸ்நானம்," என்றார்.

தங்கையின் கொட்டகையில் முதல் நாள் டெட்லிஃப்ட் என்ற ஒன்றைக் கற்றுக்கொடுத்தாள். தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து நிமிர வேண்டும். வீட்டில் வந்து சொன்னபோது கணவர், "டெட்டுன்னா பிணம். அப்ப பிணம் தூக்குறதா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் நான் கட்டிலிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்தவர்கள், தூக்கப்பட்டது எது என்று சரியாகவே ஊகித்திருப்பார்கள்.

இரும்புக் கட்சிக்கு என்று ஒரு மொழி உண்டு. யாரும் யாரிடமும் சுகமா என்று கேட்க மாட்டார்கள். "நேத்து எவ்ளோ?" என்று கேட்பார்கள். பதிலுக்கு ஓர் எடையைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டை யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை, புரோட்டீன் என்பார்கள். அவித்த முட்டையும் உப்பில்லாத கோழி நெஞ்சும் தின்றுவிட்டு, அருமை என்று வேறு சொல்வார்கள். நடப்பவர்களைப் பற்றி அவர்களுக்கு ஒரு கருத்து இருந்தது. ஓடுபவர்களைப் பற்றி அதைவிட மோசமான கருத்து. யோகா செய்பவர்களைப் பற்றிக் கருத்து என்று ஒன்று கிடையாது, ஒரு சிரிப்புதான்.

அண்ணியின் வகுப்பு எங்கள் சிற்றாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். உதடு மட்டும் லேசாக விரியும், மற்றவர்கள் மேல் இரக்கப்படுவதற்காக. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், வெளி உடம்ப மட்டும் பாக்குறாங்க," என்பார்கள். நாங்களெல்லாம் அங்கே கல்லீரலை நேரில் பார்த்துக்கொண்டிருந்ததுபோல. ஒவ்வோர் ஆசனத்துக்கும் ஒவ்வோர் உறுப்பு குணமானது. என் கைவிரல் ஒருநாளும் என் கால்விரலைத் தொட்டதில்லை என்றாலும், என் மண்ணீரல் மிக நலமாக இருப்பதாக அண்ணி எல்லாருக்கும் முன்னால் அறிவித்தார்.

நான் முழுத் தேர்ச்சி பெற்ற ஆசனம் ஒன்றுதான்: கடைசியில் வரும் சவாசனம். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒருநாள் நான் அப்படியே தூங்கிவிட்டேன். குறட்டை விட்டேன் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். விழித்தபோது மண்டபத்தில் யாரும் இல்லை. என்மேல் அண்ணியின் வெள்ளைத் துப்பட்டா போர்த்தியிருந்தது. அவர் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பியிருக்கலாமே அண்ணி."

"தொழிற்சாலையில நின்னுக்கிட்டே இருக்குற உடம்பு. தூங்கட்டும்னு விட்டேன்," என்றார். பழைய குரலில்.

தங்கையும் அப்படித்தான். கம்பி என் கைக்கு மீறிய ஒருநாள், பதறி ஓடிவந்து என் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டவள், கம்பியைக் கீழே வைத்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. "நல்லாத் தூக்குன கா," என்றாள். நான் நல்லாத் தூக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். இவர்கள் இப்படியெல்லாம் நடந்துகொண்டதால்தான் எவரிடமிருந்தும் என்னால் தப்பித்து ஓட முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் சாத்தான் வந்தான். புலனம் என்கிற வாட்ஸ்அப் வழியாக வந்தான். யோகா செய்கிறவர்களின் உடலில் பிசாசு புகுந்துகொள்ளும் என்று யாரோ யாருக்கோ அனுப்பிய செய்தி எங்கள் பங்குப் பேரவைச் செயலாளருக்கு வந்து சேர்ந்தது. அவர் அதைப் பேரவைக் கூட்டத்தில் வாசித்தார். மண்டபத்தில் யோகா கூடாது என்று முடிவாயிற்று.

அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. அடுத்த சனிக்கிழமையே மண்டபத்தின் கதவில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'கிறிஸ்தவப் பெண்களுக்கான உடல் அசைவுப் பயிற்சி.' உள்ளே எல்லாம் அப்படியேதான் இருந்தன, பெயர்கள்தான் மனந்திரும்பியிருந்தன. சூரிய நமஸ்காரம் 'காலை வணக்கம்' ஆனது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் செய்தோம். மூச்சை நீளமாக விடும்போது முன்பு வந்த 'ம்ம்ம்' என்ற ஒலிக்குப் பதில் 'ஆ...மென்' வந்தது. ஒருநாள் செயலாளரே வேவு பார்க்க வந்து ஜன்னலருகே நின்றார். பன்னிரண்டு பெண்கள் கைகூப்பி ஆமென் சொல்வதைக் கேட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். பிசாசு அவர் பின்னாலேயே போயிருக்க வேண்டும். எங்கள் யாருக்குள்ளும் வரவில்லை.

தங்கைக்கு இது தாங்கவில்லை. "பேர மாத்துனா மண்டபம் குடுப்பாங்களா? அப்ப எங்களுக்கும் குடுக்கட்டும். இரும்புக்கு மதமே கிடையாது," என்று பேரவைக்கு விண்ணப்பம் போட்டாள். அவள் கொட்டகையின் கூரை மழைக்காலத்தில் ஒழுகுவதும் ஒரு காரணம்தான், அதை மறைக்கக் கூடாது. பேரவை மிகவும் நியாயமானது. இரு தரப்பும் ஆலயத்தின் பிள்ளைகளே என்று சொல்லி, இருவருக்கும் ஒரே சனிக்கிழமையில், ஒரே ஐந்து மணிக்கு, பாதிப் பாதி மண்டபத்தைக் கொடுத்தது.

அந்தச் சனிக்கிழமை நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்திருக்கலாம். போனேன்.

மண்டபத்தின் நடுவில் யாரோ சிவப்பு ஒட்டுத்தாளால் தரையில் கோடு போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பாய்கள், அந்தப் பக்கம் இரும்பு. நான் வாசலில் நின்றேன். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு முகங்கள் என்னைப் பார்த்தன. சனிக்கிழமை அண்ணியின் நாள் என்பதால் பாய்ப் பக்கம் போனேன். தங்கை கம்பியில் இன்னும் இரண்டு எடைத் தட்டுகளை மாட்டினாள்.

எல்லாம் ஒருவாறு நடந்துகொண்டிருந்தது, நாங்கள் சவாசனத்துக்கு வரும்வரை.

"உடம்ப மறந்துடுங்க," என்றார் அண்ணி இறங்கிய குரலில். "சத்தமே இல்லாத ஒரு ஏரி... அதுல ஒரு வெள்ளைத் தாமரை..."

படீர்!

பன்னிரண்டு பெண்கள் ஒன்றாக எழுந்து உட்கார்ந்தோம். சுவரில் இருந்த அந்தோனியார் சுரூபம் ஆடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம், கம்பியைத் தலைக்கு மேலிருந்து போட்ட தங்கை, பிடி வழுக்காதிருக்கப் பூசிய உள்ளங்கை மாவைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"மெதுவா வைக்கத் தெரியாதா?" என்று அண்ணி கேட்டார். ஆசிரியைக் குரல் திரும்பிவிட்டது. வெளியே ஒரு நாய் குரைத்தது.

"இது மெதுவா வைக்கிறது இல்லீங்க. போடுறதுதான் முறை."

"எங்க கிளாஸ்ல மௌனம்தான் முறை!"

"தூங்குறதுக்கு மண்டபம் எதுக்கு? எல்லாரு வீட்லயும் கட்டில் இருக்குல்ல?"

"அலாமாக், இது கோயில் லா!" என்று பாயிலிருந்து ஓர் அம்மா கத்தினார். இரும்புப் பெண்களில் ஒருத்தி பதிலுக்கு ஏதோ சொன்னாள். சற்றுமுன்வரை தாமரையாக இருந்தவர்கள் பேசிய பேச்சை நான் இங்கே எழுதப் போவதில்லை. மன அமைதிக்கும் தசை வலிமைக்கும் நடுவில் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள்தான் இருந்தது, அதுவும் கிழிந்துவிட்டது.

ஃபாதரிடம் போவதென்று முடிவாயிற்று. நியாயம் கேட்க இருவரும் தனித்தனியாகப் போனால் முதலில் போகிறவர் ஜெயித்துவிடுவார் என்ற பயம் இருவருக்கும் இருந்ததால், என் காரிலேயே இருவரும் வந்தார்கள். அண்ணி முன்னால், தங்கை பின்னால். வானொலியைக்கூட நான் போடவில்லை.

எங்கள் ஃபாதர் ஐம்பதைத் தாண்டியவர். சுற்றுவட்டாரத்தில் நாலைந்து சிற்றாலயங்களுக்கு அவர் ஒருவர்தான். பாதி வாழ்க்கையைக் காரில் கழிப்பவர். முதுகுவலிக்காரர் என்பது ஊரறிந்தது. பூசையில் முழங்கால் போட்டு எழும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்த்தே பலர் பக்தியில் உருகியிருக்கிறார்கள். ஆகவே, மண்டப விவகாரத்தை அவர் கேட்டு முடிப்பதற்குள் பேச்சு அவருடைய முதுகுக்குத் தாவிவிட்டது. இருவருக்கும் அது ஓர் ஆன்மாவைப் போல: யார் முதலில் இரட்சிப்பது?

"ஃபாதர், முதுகுக்கு பலம் இல்ல, அதான். நான் வெறும் கம்பிய வச்சு ஆரம்பிக்கிறேன். ஒரு மாசத்துல பாருங்க," என்றாள் தங்கை.

"கம்பியத் தூக்கி இருக்குற முதுகையும் ஒடிச்சுக்காதீங்க ஃபாதர். தண்டுவடத்துக்கு ஒரு ஆசனம் இருக்கு. இப்பவே காட்டட்டுமா?" என்று அண்ணி நாற்காலியை நகர்த்தினார்.

ஃபாதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "ரெண்டும் நல்லதுதான். ஆனா எனக்கு வலி போயி ரொம்ப நாளாச்சு. காலையில நகராண்மைக் கழக நீச்சல் குளத்துக்குப் போறேன். முழங்கால்தான் இன்னும் கொஞ்சம் படுத்துது."

அண்ணி நாற்காலியை மெல்லப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

மண்டபத்தைப் பொறுத்தவரை, ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மாலை என்று அவர் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்தார். பேரவையில் இருந்த அத்தனை பேருக்கும் அது ஏன் தோன்றவில்லை என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் கார் நெடுஞ்சாலையில் ஏறியது. பிறகு அண்ணி, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே, "நீச்சலாம்," என்றார்.

பின்னாலிருந்து பதில் வந்தது. "தண்ணிதான் அவரத் தூக்குது. அவரு எங்க தூக்குறாரு?"

"மூச்ச அடக்கி அடக்கி விட்டா நுரையீரல் என்னத்துக்கு ஆகும்?"

"அதானே. எலும்புக்கு அதுல ஒண்ணுமே இல்லங்க. அண்ணி, அந்தக் குளோரின் வேற!"

"தோலு போயிடும்மா. தோலே போயிடும்."

தங்கை அவரை அண்ணி என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. என் கார் தாமானுக்குள் நுழைவதற்குள் அவர்கள் நீச்சலை முடித்துவிட்டு மிதிவண்டிக்காரர்களிடம் வந்திருந்தார்கள். இறங்கும்போது பூப்பந்து என்பது விளையாட்டுதானே தவிர உடற்பயிற்சியே அல்ல என்பதில் முழு ஒற்றுமை ஏற்பட்டிருந்தது. வாரம் ஒருமுறை பூப்பந்து ஆடிவிட்டு, களைப்புத் தீர மாமாக் உணவுக்கடையில் எண்ணெயில் வறுத்த மீ கோரேங் நூடுல்ஸ் தின்றுவிட்டு வரும் என் கணவர், வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அன்று ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு நான் இன்றும் நன்றியுள்ளவள்.

அடுத்த பரிசோதனையில் என் சீனி இறங்கியிருந்தது. செய்தி வெளியான அன்றே தங்கை தொலைபேசியில், "பாத்தியா, தசை!" என்றாள். அண்ணி நேரிலேயே வந்து, "கணையம் விழிச்சுக்கிச்சு," என்றார். டாக்டர் என்ன சொன்னார் என்று இருவருமே கேட்கவில்லை. அவர், "மாத்திர நல்லா வேல செய்யுது, விடாம சாப்பிடுங்க," என்றுதான் சொன்னார். அதை நான் இருவரிடமும் சொல்லவில்லை. ஊரில் இப்போதுதான் கொஞ்சம் சமாதானம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒரு மாலை, கொட்டகையில் மற்ற பெண்கள் போன பிறகு, தங்கை ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

"கழுத்து திரும்ப மாட்டேங்குது கா. பாலத்துல லேன் மாறும்போது திரும்பிப் பாக்க முடியல. நேத்து ஒரு லாரி ரொம்பக் கிட்ட வந்திருச்சு." அவள் தோளைத் தடவிக்கொண்டாள். "கோயில் பெருநாளுக்கு எடுத்த ரவிக்கைக்குப் பின்னாடி கொக்கி போடக்கூட கை எட்டல. அண்ணி கிளாஸ்ல... தோளுக்கு ஏதோ பண்ணுவீங்கல்ல?"

"அண்ணியையே கேளேன்."

"செத்தாலும் மாட்டேன்."

ஆகவே நான் கற்றுக்கொடுத்தேன். இரும்புகளுக்கு நடுவில் ஒரு துண்டை விரித்து, அவளை உட்கார வைத்து, கையைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னேன். அவ்வளவு எடை தூக்கும் அந்தக் கை, பாதி வழியில் நின்றுபோனது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மூச்ச விடு. மெதுவா விடு. நீ சரியா விடல," என்று ஏதோ ஓர் இறங்கிய குரல் கேட்டது. என் குரல்தான்.

அதே மாதத்தில், ஒரு பகல்பொழுதில் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். கணவர் இருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பார்த்தார். சமையலறை ஜன்னலைச் சாத்தினார்.

"ஒண்ணு கேப்பேன். உன் தங்கச்சிக்குத் தெரியக் கூடாது."

"சொல்லுங்க அண்ணி."

வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். மூட்டை கிழிந்து, வரவேற்பறை முதல் அடுப்பு வரை அரிசி. குனிந்து பொறுக்குவதில் அவருக்குச் சிரமமே இல்லை. உடம்பு ரப்பர் மாதிரி வளைந்தது. ஆனால் பொறுக்கிய அரிசியை அண்டாவோடு தூக்கி வைக்கத்தான் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு வயது எழுபத்தைந்து. நகர்ந்து நில்லுங்கள் என்று கையால் காட்டிவிட்டு, ஒரே மூச்சில் தூக்கி வைத்துவிட்டுப் போனாராம்.

"எனக்கு அவமானமாப் போச்சும்மா," என்றார் அண்ணி. வெள்ளை உடுப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

என் வீட்டு அரிசி மூட்டையைச் சமையலறை நடுவில் கொண்டுவந்து வைத்தேன். காலை எப்படி அகட்டுவது, இடுப்பை எப்படி இறக்குவது, முதுகை எப்படி நேராக வைப்பது என்று தங்கை எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். இரும்புக் கொட்டகையில் நான்தான் மிக மோசமான மாணவி. பாய் வகுப்பிலும் நானேதான். அப்படிப்பட்டவள், இரண்டு ஆசிரியைகளுக்கும் ஆசிரியையாகி நின்றேன். எங்கள் ஊரில் கல்வித்தரம் இப்படித்தான் இருக்கிறது.

முதல் முறை மூட்டை அசையவில்லை. இரண்டாம் முறை அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அது 'ஆமென்' ஆ 'ஓம்' ஆ என்று நான் உற்றுக் கேட்கவில்லை. மூன்றாம் முறை மூட்டை தரையை விட்டு எழுந்தது. அண்ணி நிமிர்ந்தார். முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, மூட்டையை இடுப்போடு அணைத்துக்கொண்டு என் சமையலறை நடுவில் நின்றார்.

"போதும் அண்ணி, வச்சிடுங்க."

அவர் வைக்கவில்லை. அடுப்புவரை நடந்தார். திரும்பி வந்தார்.

"இதவிடப் பெருசு இருக்கா?" என்று கேட்டார்.